நாய் முட்டி எக்ஸ்ரே: மூட்டுக்குப் பின்னால் தெரியும் துண்டுகள் எலும்பு முறிவா?

வல்லம்மெக்கானிக் (ஏப்ரல் 22, இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கம். வாலிநோக்கத்தில் இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கிவிட்டதால் விசைப்படகு இன்ஜின்களும் பட்டறைக்கு வந்து குவிந்து கிடக்கின்றன. இதற்கு நடுவில் என் நாய் சீலாவுக்குக் கால் போய்விட்டது.

சீலா பொட்டை. ஆறு வயது, நாட்டு நாயில் கொஞ்சம் ராஜபாளையம் கலந்தது. எடை 24 கிலோ. மீன் தலையும் சோறும் தின்று கொஞ்சம் கனத்துவிட்டாள் என்பது எனக்கே தெரியும். வல்லம் கரை தட்டியதும் அணியத்திலிருந்து முதலில் குதிப்பது அவள்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படிக் குதித்தவள் 'வீல்' என்று ஒரே ஒரு தடவை கத்தினாள். வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாலு நாளில் சரியான மாதிரி இருந்தது. திரும்பவும் நண்டு தோண்டப் போய்த் திரும்பவும் நொண்டல். ஒரு இடத்தில் காட்டினேன், ஊசி போட்டார்கள். மறுநாளே உப்பளத்து வரப்பில் ஓட ஆரம்பித்துவிட்டாள். அதற்கடுத்த நாள் கால் ஊன்றவே இல்லை. இப்போது விரல் நுனியை மட்டும் தரையில் தொட்டு நிற்கிறாள். உட்கார்ந்தால் அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைக்கிறாள்.

டவுனில் மனிதர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் கெஞ்சிக் கேட்டு ஒரு படம் எடுத்தேன், பக்கவாட்டில் ஒன்றே ஒன்று. படத்தைப் பார்த்தவர், மூட்டுக்குப் பின்னால் எலும்பு சிதறியிருக்கிறது என்றார். நானும் பார்த்தேன். தொடை எலும்பின் உருண்டை முனைக்குப் பின்னால் மொச்சைக் கொட்டை அளவில் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறினாற்போல. அதற்குக் கீழே உளுந்து அளவில் இன்னொன்று. இன்ஜினைப் பிரித்துத் திரும்பப் பூட்டினால் கையில் எதுவும் மிஞ்சக் கூடாது என்று நினைக்கிறவன் நான். இங்கே மூன்று உருப்படி மிஞ்சி நிற்கிறது.

படத்தை ஜன்னலில் ஒட்டி செல்போனில் எடுத்துப் போட்டிருக்கிறேன். மாவுக்கட்டு போட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உப்புக்காத்து (ஏப்ரல் 22, இரவு 10:15)

அண்ணே, எங்க ஊர்ப் பக்கம் ஆட்டுக்குக் கட்டுகிற மாதிரி மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுங்க, இருபது நாளில் கூடிவிடும். வலிக்கு நமக்குக் கொடுக்கிற டைக்ளோஃபெனாக்கில் பாதி போதும். என் நாய்க்கு அப்படித்தான் செய்தேன், இன்றைக்குக் குதிரை மாதிரி ஓடுது.

---

ஃபிலிம்ரூம் (ஏப்ரல் 22, இரவு 11:02)

நான் ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன். மனிதர்களுக்கு மட்டும்தான் எடுத்துப் பழக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மனிதர்களிலும் சிலருக்கு முட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன எலும்பு இருக்கும், ஃபபெல்லா என்று பெயர். இருந்தால் பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் ஒன்றுதான். உங்கள் படத்தில் இரண்டு தெரிகிறது, கூடவே மூன்றாவதும். அதனால் நானும் குழம்பித்தான் போனேன். ஆனால் மூன்றின் ஓரமும் கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருக்கிறது. புதிதாக உடைந்த துண்டுக்கு ஒரு பக்கமாவது பிசிறு இருக்கும். மாவுக்கட்டுக்கு அவசரப்படாதீர்கள். இன்னொரு கோணத்திலும் படம் எடுத்திருக்க வேண்டும். ஒரே படத்தை வைத்து முட்டியைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.

---

பழைய_டாக்டர் (ஏப்ரல் 23, காலை 6:20)

தம்பி, மூங்கிலும் வேண்டாம், மாவுக்கட்டும் வேண்டாம். டைக்ளோஃபெனாக் கொடுத்திருந்தால் இப்போதே நிறுத்து. வாந்தியோ கருப்பாக வெளிக்குப் போவதோ தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்தது பிணந்தின்னிக் கழுகுகளுக்காக. ஆனால் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது சும்மா விடாது. ஐபுப்ரோஃபெனும் அப்படித்தான். பாராசிட்டமால் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். நாய்க்கென்று தனி வலி மாத்திரைகள் உண்டு, எடை பார்த்து எழுதித் தருவார்கள். உப்புக்காத்து கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நாய் பிழைத்தது அதன் ஆயுள் கெட்டி.

நான் அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் சர்வீஸ். ஆடு, மாடுதான் அதிகம். நாய் முட்டியை ஒழுங்காகப் படிக்கக் கற்றது ரொம்பத் தாமதமாக. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒருவரிடம் 'பின்னால் எலும்பு உடைந்திருக்கிறது' என்று சொல்லி, அவர் நாயை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த மூன்று உருப்படியும் கம்பெனி மாடலிலேயே உள்ளவை. நாய்க்கு ஃபபெல்லா இரண்டு. கெண்டைக்கால் தசையின் இரண்டு தலைகளிலும் ஒவ்வொன்றாக, தொடை எலும்பின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். கீழே உளுந்து மாதிரி இருப்பது பாப்லிட்டியல் தசைநாணுக்குள் இருக்கும் சின்ன எலும்பு. முன்னால் இருக்கும் முட்டிச் சிரட்டையும் இதே சாதிதான், தசைநாணுக்குள் வளர்ந்த எலும்பு. ஆக ஒரு முட்டிக்கு நாலு. ஃபிலிம்ரூம் ஓரத்தைப் பார்த்துச் சொன்னது சரியான கண். நாய் படம் பார்க்காதவர் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

எல்லாரும் வெள்ளையைப் பார்க்கிறீர்கள். உன் நாயின் வியாதி வெள்ளையில் இல்லை, சாம்பலில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை. கொழுப்பு கொஞ்சம் கருப்பு. சதை, ஜவ்வு, நீர் மூன்றும் ஒரே சாம்பல், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. அதனால் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பான டிபியாவையும் முட்டிக்குள் பிடித்து வைக்கும் ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று படத்தில் நேரடியாகப் பார்க்கவே முடியாது. மெனிஸ்கஸ் என்று இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்றாக இரண்டு வாஷர் உண்டு, அவையும் தெரியாது. கொழுப்பு எங்கே இருக்க வேண்டும், இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சிரட்டையிலிருந்து கீழே டிபியாவின் முன்மேட்டுக்கு ஒரு பட்டை இறங்குகிறது. அதற்குப் பின்னால், மூட்டுக்கு முன்னால், நல்ல முட்டியில் கருப்பாக ஒரு முக்கோணம் இருக்கும். கொழுப்புத் திண்டு அது. மூட்டுக்குள் நீர் கோத்தால் சாம்பல் நிறம் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வரும், முக்கோணம் சுண்டிப் போகும். அதே நீர் பின்பக்கமும் பையை ஊதவைக்கும். ஃபபெல்லாவுக்குக் கீழே நேராக இறங்க வேண்டிய கருப்புக் கோடு பின்னால் வளையும். நீ போட்ட படத்தில் முக்கோணத்தைத் தேடினேன். டியூப்லைட் சரியாக அந்த இடத்தில் விழுந்து பளபளக்கிறது! காலை எட்டு மணிக்கு வெறும் வானத்துக்கு எதிரே பிடித்து, செல்போன் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, சிரட்டையிலிருந்து உளுந்து எலும்பு வரை உள்ள இடத்தை மட்டும் கிட்டத்தில் எடு.

அந்தப் படத்தில் இன்னும் சில இடங்கள் பார்க்க வேண்டும். சிரட்டையின் கீழ் நுனி, தொடை எலும்பில் சிரட்டை ஓடும் பள்ளத்தின் இரண்டு வரம்புகள், ஃபபெல்லாவின் ஓரம். இங்கெல்லாம் பல் முளைத்த மாதிரி எலும்பு துருத்தினால் அது தேய்மானம். மூன்று வாரத்தில் பெரிதாக வராது. பெரிதாக இருந்தால் நீ நினைப்பதற்கு முன்பே தகராறு ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். நாய்க்கு இந்த ஜவ்வு கால்பந்து ஆடுகிறவனுக்கு அறுவது மாதிரி ஒரே நாளில் அறுவது குறைவு. பழைய கயிறு மாதிரி இழை இழையாக நைந்து, கடைசியில் ஒரு குதியில் விட்டுவிடும்.

ஏன் நைகிறது என்றால், டிபியாவின் மேல்தளம் மட்டமாக இல்லை, பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. மணல் சரிவில் ஏற்றிய வல்லம் கடலுக்குள் வழுக்காமல் ஒரு கயிறு பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள். தொடை எலும்புதான் வல்லம், ஜவ்வுதான் கயிறு. நாய் ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் வல்லம் கயிற்றை இழுக்கும். அறுந்தால் தொடை எலும்பு பின்னால் சரியும். படத்தில் அது டிபியா முன்னால் தள்ளி நிற்கிற மாதிரி தெரியும். ஆனால் காலைத் தளர்வாக வைத்து எடுத்தால் எல்லாம் இடத்திலேயே இருப்பது போலத்தான் தெரியும். முட்டியையும் கணுவையும் மடக்கி, பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து எடுத்தால்தான் நகர்வது பிடிபடும். அப்போது அந்த உளுந்து எலும்பும் கீழே இறங்கி நிற்கும். பிடிக்கிறவர் ஈய ஏப்ரன் போட்டிருக்க வேண்டும். நீ வெறும் லுங்கியோடு பிடித்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஊசி போட்டதும் ஓடினாள் என்றாய். அது ஊசி மருந்து கால் வலியை மறைத்ததால் வந்த ஓட்டம். விரல் நுனி, உட்காரும் விதம், விட்டுவிட்டு வந்த நொண்டல் எல்லாம் சேர்த்தால் நான் ஜவ்வு என்றுதான் சொல்வேன். ஆனாலும் இரண்டை ஒதுக்கிவிட வேண்டும். ஒன்று, உண்ணிக் காய்ச்சல். நம் பக்கம் உண்ணிக்குக் குறைவில்லை, அதுவும் மூட்டை வீங்கவைக்கும். பெரும்பாலும் ஒரு மூட்டோடு நிற்காது, காய்ச்சலும் சோர்வும் இருக்கும், ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இன்னொன்று எலும்புப் புற்று. பெரிய நாய்களுக்கு அது முழங்கைக்கு விலகியும் முட்டிக்குப் பக்கத்திலும் வரும் என்று சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது மனப்பாடம் செய்திருக்கிறோம். தொடை எலும்பின் கீழ்முனையிலோ டிபியாவின் மேல்முனையிலோ கறையான் அரித்த கட்டை மாதிரி இருக்கும். உன் படத்தில் இரண்டு முனையும் கெட்டியாகத்தான் தெரிகிறது, செல்போன் படத்தில் சொல்லும் அளவுக்கு.

செய்ய வேண்டியது: வலது முட்டிக்கு முன்னாலிருந்து ஒரு படம், இடது முட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு படம். நல்ல காலோடு ஒப்பிடாமல் கெட்ட காலைப் படிக்க முடியாது. அதுவரை சங்கிலியோடு மட்டும் ஒன்றுக்கு, இரண்டுக்கு. மணலில் விடாதே, குதிக்க விடாதே. மீன் தலையில் பாதியை எனக்கு அனுப்பு.

---

சிப்பிப்பாறை_வீடு (ஏப்ரல் 23, மதியம் 1:30)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் சிப்பிப்பாறைக் குட்டிக்கு ஐந்து மாதம். லேசாக நொண்டியதால் படம் எடுத்தோம். டிபியாவின் முன்மேட்டில் குறுக்கே கருப்புக் கோடு இருக்கிறது, மேட்டையே தனியாக வெட்டி வைத்த மாதிரி. இதுவும் கம்பெனி மாடலா?

---

நெல்லை_மாணவி (ஏப்ரல் 23, மாலை 5:10)

சார் எழுதியதைப் படித்தேன், வகுப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தது போல இருந்தது. நான் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன்.

சிப்பிப்பாறைக் குட்டிக்கு: ஐந்து மாதத்தில் அந்தக் கோடு இருக்க வேண்டும். எலும்பு வளரும் குருத்துப் பட்டை அது, மேட்டுக்குத் தனியாக ஒன்று உண்டு. மற்றக் குட்டியாக இருந்தால் இதோடு விட்டுவிடுவேன். நொண்டுகிறது என்பதால் அடுத்த காலையும் அதே கோணத்தில் எடுங்கள். தொடையின் முன்தசை முழுக்க அந்த மேட்டைத்தான் இழுக்கிறது. வேகமாக ஓடும் குட்டிகளுக்கு மேடு மேலே பிய்ந்து வருவது உண்டு. நொண்டும் காலில் கோடு அகலமாகவோ மேடு உயர்ந்தோ இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

வல்லம் அண்ணாவுக்கு ஒன்று. படம் எத்தனை எடுத்தாலும் கடைசியில் கைதான் தீர்ப்புச் சொல்லும். தொடை எலும்பை ஒரு கையிலும் டிபியாவை இன்னொரு கையிலும் பிடித்து, மேசை டிராயரை இழுப்பது போல இழுத்துப் பார்ப்பார்கள். கனத்த நாய் பயத்தில் தசையை இறுக்கிக்கொண்டால் டிராயர் வராது. மயக்க ஊசி போட்டபின் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

---

வல்லம்மெக்கானிக் (ஏப்ரல் 27, இரவு 8:50)

ஐயா, நீங்கள் சொன்னபடி இரண்டு படமும் எடுத்துவிட்டேன். ஏப்ரன் போட்டேன். லுங்கி விஷயம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

காலை வானத்துக்கு எதிரே பிடித்து இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது காலில் சிரட்டைக்குக் கீழே நீங்கள் சொன்ன கருப்பு முக்கோணம் சம்சா மாதிரி கச்சிதமாக இருக்கிறது. வலது காலில் பட்டைக்கு ஒட்டினாற்போல ஒரு கீற்று மட்டும். பின்னால் கோடும் வளைந்திருக்கிறது. முதல் நாளே இதே படம் கையில் இருந்தது, நான் மொச்சைக் கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். இடது காலிலும் அதே இரண்டு மொச்சை, ஒரு உளுந்து. எண்ணிக்கை சரி.

வலது காலில் சிரட்டையின் கீழ் நுனியில் மட்டும் சின்னதாக ஒரு மூக்கு நீண்டிருக்கிறது. முன்னாலிருந்து எடுத்த படத்தில் தொடை எலும்பின் வெளிப்பக்க உருண்டையில் ஒரு பள்ளம் தெரிகிறது. அது என்ன?

---

பழைய_டாக்டர் (ஏப்ரல் 28, காலை 6:05)

படம் தெளிவு. நீர் கோத்திருக்கிறது, சந்தேகமில்லை. சிரட்டையில் மூக்கு என்றால் கொஞ்ச நாளாகவே நைந்துகொண்டிருந்திருக்கிறது. போன வருடம் காலையில் எழுந்ததும் நாலு எட்டு விறைப்பாக நடந்து அப்புறம் சரியாகியிருப்பாள், நீ கவனித்திருக்க மாட்டாய்.

வெளிப்பக்கப் பள்ளம் பிறவியிலேயே உள்ளது. விரல் நீட்டும் தசையின் நாண் அங்கேதான் தொடங்குகிறது. எல்லா நாய்க்கும் உண்டு. குருத்தெலும்பு உரிந்த குழி என்று அதைத் தப்பாகப் படிப்பவர்களும் உண்டு. உன் கண் தேறிவிட்டது.

இனி இங்கே எழுதிப் பயனில்லை. சாயல்குடி, தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலிக் கல்லூரிக்குப் போ. பதினைந்து கிலோவுக்குக் கீழே உள்ள நாய் என்றால் எடையைக் குறைத்து ஓய்வில் வைத்துப் பார்க்கலாம் என்பேன். 24 கிலோவுக்கு அறுவை சிகிச்சைதான் நல்லது. இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, டிபியாவின் மேல்முனையை வட்டமாக அறுத்துத் திருப்பி, சரிவையே மட்டமாக்கித் தகடு வைப்பது. அமெரிக்காவில் ஸ்லோகம் என்ற டாக்டர் 1993-ல் எழுதி வெளியிட்டது. கனத்த நாய்க்கு அதுதான் முதல். இன்னொன்று பழையது. கெட்டியான நைலான் நரம்பை வெளிப்பக்க ஃபபெல்லாவைச் சுற்றிக் கொண்டுவந்து, டிபியாவின் முன்மேட்டில் துளை போட்டுக் கோத்து இறுக்குவது. நீ உடைந்த துண்டு என்று பயந்த மொச்சைதான் அங்கே கட்டுத்தறி. அந்த நரம்பு எது தெரியுமா? பெரிய மீனுக்குத் தூண்டிலில் போடும் அதே ஒற்றை நரம்பு வகையை வைத்துத்தான் ரொம்ப காலமாகச் செய்கிறார்கள். கிருமி நீக்கி வைத்திருப்பார்கள், நீ கடையிலிருந்து ஒரு சுருள் எடுத்துக்கொண்டு போகாதே.

வாஷர் இரண்டையும் திறந்து பார்க்கச் சொல். இடது காலையும் பத்திரமாகப் பார்த்துக்கொள். ஒரு கால் போன பல நாய்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அடுத்ததும் போகும்.

---

உப்புக்காத்து (ஏப்ரல் 28, காலை 9:30)

டாக்டர் ஐயா, நான் கோபிக்கவில்லை. என் நாய் இப்போதும் மழைநாளில் நொண்டுது, அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. அதையும் படம் எடுக்கப் போறேன்.

---

வல்லம்மெக்கானிக் (ஜூன் 16, இரவு 10:20)

தாமதத்துக்கு மன்னிக்கவும். தடை முடிந்து நேற்றுத்தான் விசைப்படகுகள் இறங்கின, இதுவரை தூக்கமே இல்லை.

மே மாதம் திருநெல்வேலியில் சீலாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. மயக்கத்தில் டாக்டர் என் கண்ணெதிரே முட்டியை இழுத்துக் காட்டினார். பேரிங் போன தண்டு மாதிரி ஆட்டம், அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு வழியையும் சொன்னார்கள். நைலான் வழியைத் தேர்ந்தோம். எடை குறைப்பேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார்கள். உள்பக்க வாஷர் கிழிந்து மடிந்து கிடந்ததாம், அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். இப்போது 21 கிலோ. மீன் தலை நிறுத்தம், ஐயாவுக்கு அனுப்ப எதுவும் மிச்சமில்லை.

நேற்றுப் படகுகள் போகும்போது பட்டறைத் தூணில் கட்டிப் போட்டிருந்தேன். ஊளையிட்டாள். ஆனால் நாலு காலையும் ஊன்றி நின்றுதான் ஊளையிட்டாள்.

கடைசியாக எடுத்த படத்தைப் போடுகிறேன், இந்தத் தடவை பளபளப்பு இல்லாமல். நரம்பைத் தேடு தேடென்று தேடினேன், படத்தில் அதுவும் சாம்பலோடு சாம்பலாகப் போய்விட்டது. டிபியாவில் போட்ட துளை தெரிகிறது. நரம்பின் இரண்டு முனையையும் சேர்த்து நசுக்கிய உலோகக் குழாய் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது. ஆயிரங்கால் தூண்டிலில் நாங்கள் நசுக்கிப் போடுவோமே, அச்சு அசல் அதுதான். பார்த்ததும் என் மச்சான் கேட்டான்: "என்னப்பா, டாக்டரம்மா ஊசியை உள்ளே மறந்துட்டாங்களா?"